சேலத்தில் இயற்கை அங்காடிகள் ஏன் நிலைக்கவில்லை: விலை மட்டும்தானா?

கேள்வி: அஸ்தம்பட்டி வாசகர் ஒருவர், 7 ஜனவரி 2025

எங்கள் தெருமுனையில் இருந்த இயற்கை அங்காடியைப் போன மாதம் மூடிவிட்டார்கள். இப்போது அங்கே மொபைல் கவர் கடை. சேலத்தில் இப்படித் திறப்பதும் மூடுவதும் வழக்கமாகிவிட்டது. காரணம் ஒன்றுதான்: வெளியில் விற்பதைப் போல இரண்டு மடங்கு விலை. பாதியாகக் குறைத்தால் ஊரே வாங்கும். மறுக்க முடிந்தால் மறுங்கள்.

7 ஜனவரி, இரவு

மறுக்கிறேன். கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. இயற்கை அங்காடிகளும் என்னிடம் வந்திருக்கின்றன, போயிருக்கின்றன. பெயர் வேண்டாம். ஆனால் கீரைக் கணக்கு ஒன்றைச் சொல்லலாம்.

கடைக்காரர் காலையில் 10 கட்டு அரைக்கீரை வாங்குகிறார், கட்டு 14 ரூபாய். போட்ட காசு 140. விற்பது 28 ரூபாய்க்கு. நீங்கள் சொல்லும் அந்த இரண்டு மடங்கு இங்கேதான் பிறக்கிறது. ஆனால் மத்தியானத்துக்குள் போவது 6 கட்டு. மூன்று மணிக்கு மேல் மீதி நாலும் தலை சாய்ந்துவிடும், ஈரச்சாக்கைப் போர்த்தினாலும் நிற்காது. வசூல் 168. கையில் நிற்பது 28 ரூபாய். அதில்தான் வாடகை, கரண்ட், கல்லாவில் உட்காரும் பெண்ணின் சம்பளம் எல்லாம்.

பாதி விலை என்றால் 14. அது அவர் வாங்கிய விலை.

தள்ளுவண்டிக்காரர் 100 கட்டு எடுத்து வந்து பத்து மணிக்குள் வண்டியைத் துடைத்துவிடுவார். கட்டுக்கு இரண்டு ரூபாய் நின்றாலும் அவருக்குக் கட்டுப்படியாகும். ஆக, நீங்கள் கொடுக்கும் 28-ல் ஒரு பங்கு நீங்கள் சாப்பிடாத, யாருமே சாப்பிடாத கீரைக்கு. விலை ஏறினதால் கூட்டம் இல்லையா, கூட்டம் இல்லாததால் விலை ஏறிற்றா என்று கேட்டால், கணக்குப் புத்தகம் இரண்டாவதைத்தான் காட்டுகிறது.

8 ஜனவரி

ஆத்தூர்க்காரர் கேட்கிறார்: "விளைச்சல் குறைகிறதே, விவசாயிக்கும் கூடுதல் விலை வேண்டாமா?"

வேண்டும். ஆனால் இரண்டு மடங்கு வேண்டியதில்லை. ஐந்து கண்டங்களில் 55 பயிர்களைப் பற்றி வந்த ஆய்வுகளைத் திரட்டி 2015-ல் கிரௌடர், ரெகனால்ட் என்ற இருவர் ஒரு கணக்குப் போட்டார்கள். இயற்கை முறை விவசாயி மற்றவர்களோடு சமமாக நிற்க 5 முதல் 7 சதவீதம் கூடுதல் விலை போதும். உண்மையில் கிடைத்துக்கொண்டிருந்தது 29 முதல் 32 சதவீதம். விளைச்சல் குறைந்தாலும் உரம், பூச்சிமருந்துச் செலவு மிச்சமாவது அதில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. களையெடுக்க ஆள் கிடைக்காத நம் ஊரில் அந்த 7 சதவீதம் 15 ஆகலாம், 20 ஆகலாம். 100 ஆகாது. மிச்சம் எல்லாம் வயலுக்கும் உங்கள் பைக்கும் நடுவில் இருக்கிறது.

"அப்போ நடுவில் இருக்கிறவன் கொள்ளையடிக்கிறான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மேலே கடைக்காரர் கையில் நின்ற 28 ரூபாயை மறுபடி படிக்கவும்.

10 ஜனவரி

பாதி விலையைப் பற்றி இன்னொன்று. இது நடந்தது, கற்பனை இல்லை.

என்னிடம் கணக்கு வைத்திருந்த ஒருவர் இயற்கைப் பொன்னியை ஒரு மாதம் வெளிக்கடை விலைக்கே வைத்தார். தெரிந்த விவசாயியிடம் நேரடியாக எடுத்தது, அறுவடைச் சமயம், கட்டுப்படியாயிற்று. விற்பனை ஏறவில்லை. வழக்கமாக வரும் ஒரு அம்மா மூட்டையில் கையை விட்டு அள்ளிப் பார்த்துவிட்டு, "இது நிஜமாவே ஆர்கானிக்தானுங்களா? விலை எல்லா எடத்துலயும் இருக்கற மாதிரியே இருக்குதே" என்றார். கடைக்காரர் கூடுதல் விலை சொன்னபோது ஒருநாளும் வராத சந்தேகம்.

இதில் அந்த அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கத்திரிக்காய் பிஞ்சா முற்றலா என்று அமுக்கிப் பார்த்தால் தெரியும். தேங்காய் இளசா என்று உடைத்தால் தெரியும். மருந்து அடித்ததா என்று பார்த்தாலும் தெரியாது, தின்றாலும் தெரியாது. 1973-லேயே டார்பி, கார்னி என்ற பொருளாதாரக்காரர்கள் இந்த மாதிரிச் சரக்கைத் தனி வகையாகப் பிரித்துவிட்டார்கள்: வாங்கிய பிறகும் தரத்தைச் சரிபார்க்க வழியில்லாதது. அதற்கு மூன்று வருடம் முன்பே ஆகர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்துச் சொன்னதும் இங்கே பொருந்தும். வாங்குகிறவருக்கு நல்லது எது கெட்டது எது என்று தெரியாவிட்டால் சராசரி விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்லது வைத்திருப்பவன் கட்டுப்படியாகாமல் சந்தையை விட்டுப் போவான், கெட்டது வைத்திருப்பவன் தங்குவான். அவருக்கு 2001-ல் நோபல் கிடைத்தது. எங்கள் கடைக்காரருக்குப் பொன்னியில் வண்டு விழுந்தது.

ஆகவே விலையே இங்கே ஓர் அடையாளமாக நிற்கிறது. குறைத்தால் அடையாளம் போகிறது. ஏற்றினால் ஆள் போகிறார்கள்.

15 ஜனவரி

பொங்கல் முடிந்தது. வெல்லத்தைப் பற்றி எழுதாமல் சேலத்துக்காரன் இந்த விஷயத்தைத் தாண்ட முடியாது.

ஓமலூர், காடையாம்பட்டிப் பக்கத்து ஆலைகளிலிருந்து மண்டிக்கு வெல்லம் சிப்பம் சிப்பமாக வருகிறது. சிப்பம் 30 கிலோ. ஏலத்துக்கு முன் வியாபாரி ஒரு சிப்பத்தைப் பிரித்து, உருண்டையை எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பார்ப்பார். நாக்கில் வைப்பதெல்லாம் அப்புறம். நிறம்தான் விலை. பளிச்சென்ற மஞ்சளுக்கு ஒரு விலை, பழுப்புக்கு அதைவிடக் குறைவு. ஏனென்றால் மளிகைக் கடையில் நாம் கை நீட்டுவது மஞ்சளைப் பார்த்து. பொங்கல் பானையில் கறுப்பு வெல்லம் போட்டால் நிறம் வராது என்று சொல்லாத வீடு உண்டா?

அந்த மஞ்சளுக்காகத்தான் கொப்பரையில் ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் விழுகிறது. அஸ்கா சர்க்கரையும் விழுகிறது. உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை போட்டு ஆலைகளில் சர்க்கரை மூட்டைகளைப் பிடித்த செய்தி நம் ஊர்ப் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. ஆலைக்காரரைத் திட்டுகிறோம். இப்படிச் செய்யச் சொல்லிக் காசு கொடுத்தது யார்?

இப்போது காற்று திரும்பி அடிக்கிறது. கறுப்பாக இருந்தால்தான் இயற்கை என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அங்காடிகளில் கருவெல்லத்துக்குத்தான் கூடுதல் விலை. உடனே என்ன நடக்கும்? பாகைக் கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்சினால் வெல்லம் கறுக்கும். உப்புத்தன்மை உள்ள நிலத்துக் கரும்பும் கறுப்பு வெல்லம்தான் தரும், அதில் எத்தனை மூட்டை யூரியா போட்டிருந்தாலும். மஞ்சளுக்கு விலை கொடுத்தபோது மஞ்சள் வந்தது. கறுப்புக்கு விலை கொடுத்தால் கறுப்பு வரும்.

16 ஜனவரி

"அப்ப எந்த வெல்லம்தான் வாங்குவது?" என்று நாலு பேர். எங்கள் வீட்டில் ஓமலூர்ப் பக்கம் ஆலை போட்டிருக்கும் உறவுக்காரர் வீட்டிலிருந்து வருகிறது. அவர் சுத்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. சித்தி மகன், ஏமாற்ற மாட்டான் என்ற நம்பிக்கைதான். என் மனைவி அதையும் நம்புவதில்லை.

19 ஜனவரி

நாட்டுக்கோழி முட்டையைப் பற்றித் தனி இழை தொடங்கலாம் என்கிறார் ஒருவர். வேண்டாம். நாமக்கல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஓடு பழுப்பாக இருந்தால் நாட்டு முட்டை என்று நம்பி மூன்று மடங்கு கொடுக்கும் ஊர் நம்முடையது. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால் வருவது. அது மேய்ந்ததா கூண்டில் கிடந்ததா என்று ஓடு சொல்லாது.

2 பிப்ரவரி

கேள்வி கேட்ட அஸ்தம்பட்டிக்காரர் திரும்பி வந்திருக்கிறார். "சம்பளம் ஏறினால் தானாக வாங்குவார்கள், பணக்காரர் சாப்பாடு அது" என்கிறார்.

பாதி சரி. வருமானத்தோடு ஏறுகிற சரக்குத்தான். கை இறுகினால் இறங்கவும் செய்யும்: 2008 நெருக்கடிக்குப் பிறகு பிரிட்டனில் ஆர்கானிக் விற்பனை சில வருடங்கள் தொடர்ந்து சரிந்தது. அதுவரை "கொள்கைக்காக வாங்குகிறேன்" என்றவர்களும் வீட்டுக்கடன் தவணை இடித்ததும் சாதாரண காரட்டுக்குத் திரும்பினார்கள். ஆனால் அந்தச் சரிவிலும் குழந்தை உணவு ஏறிக்கொண்டிருந்தது. இங்கும் அதேதான். கடைக்குப் புதிதாக வரும் குடும்பம் பெரும்பாலும் குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து கேழ்வரகுக் கூழ் தொடங்கும் வீடு. முதலில் ராகி, பிறகு நேந்திரங்காய்ப் பொடி, பிறகு நாட்டுச்சர்க்கரை. குழந்தை பள்ளிக்குப் போய்க் கேன்டீன் சமோசா தின்ன ஆரம்பித்ததும் அந்தக் குடும்பம் கடையிலிருந்து மெல்ல நழுவும். அடுத்த வாசல் சர்க்கரை நோய்: டாக்டர் மிரட்டிய மறுநாள் வரகும் சாமையும் வாங்க வருவார்கள், மூன்று மாதம் வருவார்கள்.

பொதுவாக யாரும் கூடை முழுக்க ஆர்கானிக் வாங்குவதில்லை. மரச்செக்கு எண்ணெய், சிறுதானியம், வெல்லம், கறுப்புக்கவுனி அரிசி. இவற்றில் செக்கு எண்ணெய்க்கும் ஆர்கானிக்குக்கும் சம்பந்தமே இருக்க வேண்டியதில்லை. ஆட்டிய கடலைக்கு எத்தனை தடவை மருந்தடித்தார்கள் என்று செக்கைக் கேட்டால் தெரியாது. ஆனாலும் வாங்குகிறவர் மனதில் எல்லாம் ஒரே பைக்குள் போகிறது. காய்கறி மட்டும் அந்தப் பைக்குள் வருவதில்லை. மருந்து நேரடியாக மேலே படுவது காய்கறியில்தான் என்பது இதில் வேடிக்கை. எண்ணெய்க்கு மாதம் ஒருமுறை நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது உறைப்பதில்லை. தக்காளிக்கு தினமும் பதினைந்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் தினமும் உறைக்கும்.

2 பிப்ரவரி, பின்னிரவு

மேலே ஒன்று விட்டுப்போயிற்று. கல்லூரிப் பிள்ளைகள் ஒரு தடவை படிவத்தோடு கடை வாசலில் நின்றார்கள்: "ரசாயனம் இல்லாத காய்க்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பீர்கள்?" எல்லோரும் தாராளம். கால் பங்கு, பாதி, "உடம்பைவிடக் காசு பெரிசா?" அதே ஆட்கள் உள்ளே வந்து பில் போட்டதை நான் மாதக் கடைசியில் பார்த்தேன். காய்கறி வரிசை எப்போதும் போலக் காய்ந்துதான் கிடந்தது. சொல்லும் விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் பாதி இயற்கை அங்காடிகள் விழுகின்றன. வங்கிக்கடன் திட்ட அறிக்கையில் போடுவது சொல்லும் விலையை.

16 பிப்ரவரி

ஏற்காடு போய் வந்தேன். தணிக்கை வேலை, சுற்றுலா இல்லை. ஆனாலும் கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குப் பின்னால் வந்த காரிலிருந்து ஒரு குழந்தை வாந்தியெடுத்தது சுற்றுலாக் கணக்கில்தான் சேரும்.

சேர்வராயன் மலையில் காபி ஏறி இருநூறு வருடமாகிறது. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்தது. இப்போது பெரிய எஸ்டேட்டுகள் ஒரு பக்கம், மலையாளிப் பழங்குடி மக்களின் சின்னச் சின்னத் தோட்டங்கள் இன்னொரு பக்கம். நாகலூர்ப் பக்கம் ஒரு பெரியவரின் தோட்டத்தில் நின்றேன். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, நிழலில் காபி, ஓரத்தில் பலா. "மருந்து வாங்கக் காசு ஏது சாமி" என்கிறார். அவர் மிளகில் மருந்தே கிடையாது. வியாபாரிக்குப் போடுவது சாதாரண விலைக்கு, எல்லார் மிளகோடும் ஒரே சாக்கில். அவருடைய மிளகு நல்லது என்பது அந்தச் சாக்கின் வாயோடு முடிந்துவிடுகிறது.

கீழே ஏரிப் பக்கம் கடைகளில் பிளாஸ்டிக் பாக்கெட்டில் "ஆர்கானிக் மிளகு", "ஆர்கானிக் காபி" என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதித் தொங்குகிறது. சான்று எண் கிடையாது, முகவரி கிடையாது. வாங்குகிறவர் பெங்களூர்க்காரர், மறுபடி வரப்போவதில்லை. வராத ஆளிடம் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள யாருக்கும் அவசியமில்லை. எங்கள் தெருவில் வாழைப்பழம் விற்கும் அம்மா கார்பைடு கல் வைத்த பழத்தைத் தந்தால் மறுநாள் காலை என் மனைவியிடம் மாட்ட வேண்டும். சான்றிதழ் இல்லாத ஊரில் அந்த மறுநாள் காலைதான் சான்றிதழ்.

இன்னொன்று, இது பலருக்குப் பிடிக்காது. ஆர்கானிக் என்றால் எதுவும் தெளிக்காதது என்று பொருளில்லை. காபி இலைத்துரு நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை ஆர்கானிக் விதிகளே கட்டுப்பாட்டோடு அனுமதிக்கின்றன. சான்று வாங்கிய எஸ்டேட்டில் மயில்துத்தம் தெளித்திருக்கலாம், சான்றில்லாத பெரியவர் தோட்டத்தில் ஒன்றுமே தெளிக்காமல் இருக்கலாம்.

அப்புறம் சிக்கரி. ஆர்கானிக் காபிதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கி, அதில் நாற்பது சதவீதம் சிக்கரி போட்டு அரைக்கச் சொல்கிறவரைப் பார்த்தேன். சிக்கரி எந்த வயலில் விளைந்தது என்று அவர் கேட்கவில்லை. 49 வரைக்கும் சட்டம் விடுகிறது, நான் யார் கேட்க.

17 பிப்ரவரி

காபி விலையைப் பற்றிக் குன்னூர் நண்பர் எழுதியதற்கு: ஆம், இந்த மாதம் அராபிகா காபி நியூயார்க்கில் பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டிவிட்டது. இந்த ஏற்றம் தொடங்கும் முன் உச்சம் 1977-ல் தொட்டது. பிரேசிலில் வறட்சி, உலகுக்கே தட்டுப்பாடு. ஏற்காட்டில் எல்லார் முகத்திலும் சிரிப்பு. ஆனால் ஆர்கானிக்குக்கு இது கெட்ட காலம். ஒரு பேச்சுக்குச் சொன்னால், கிலோ 200 விற்கும்போது 40 ரூபாய் கூடுதல் கிடைத்தால் சான்றுக்காக நோட்டுப் போட்டு எழுதலாம், ஆய்வாளருக்காகக் காத்திருக்கலாம். 450 விற்கும்போது அதே 40-க்கு யார் மெனக்கெடுவார்? உரம் போட்டால் இன்னும் நாலு மூட்டை கூட வருமே என்றுதான் கணக்கு ஓடும். விலை இறங்கியதும் திரும்பலாம் என்றால் காபி மாதிரிப் பலவருடப் பயிருக்கு மாறுகாலம், அதாவது ரசாயனத்தை நிறுத்திவிட்டுச் சான்றுக்குக் காத்திருக்கும் காலம், மறுபடி மூன்று வருடம்.

9 மார்ச்

"எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வாங்கிவிட்டால் முடிந்தது" என்கிற கட்சிக்கு.

நம் மாநிலத்தில் அரசே சான்று தருகிறது, துறையின் தலைமையகம் கோவையில். மத்திய அரசின் தேசியத் திட்டம் 2001-லிருந்து இருக்கிறது, ஏற்றுமதிக்கும் அதுதான். அது கட்டுப்படியாகாத சின்ன விவசாயிகளுக்கு பி.ஜி.எஸ். என்று இன்னொரு வழி: பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்வது. ஆர்கானிக் உணவுப் பாக்கெட்டில் போடும் ஜைவிக் பாரத் முத்திரை 2017 விதிமுறையோடு வந்தது. சின்ன விவசாயி, வருடம் 12 லட்சத்துக்குள் வியாபாரம், சாப்பிடுகிறவருக்கே நேரடியாக விற்கிறார் என்றால் சான்று கட்டாயமில்லை. ஆனால் அந்த முத்திரையைப் போட்டுக்கொள்ள முடியாது. ஆக வழிக்குக் குறைவில்லை.

கஷ்டம் எங்கே என்றால், நம்பிக்கைக்கு ஆகும் செலவு கிலோ கணக்கில் வருவதில்லை, மொத்தமாக வருகிறது. நோட்டு எழுதுவது, ஆய்வு, எஞ்சிய மருந்துக்கு ஆய்வகச் சோதனை. ஒரு மாதிரியைச் சோதிக்க ஆயிரக்கணக்கில் ஆகும். பத்து டன் மஞ்சள் விற்கிறவருக்கு அது கிலோவுக்குப் பைசாக் கணக்கு. வாரம் நாற்பது கிலோ கத்திரிக்காய் கொண்டுவருகிறவருக்கு அந்த வாரக் கத்திரிக்காயே போய்விடும். உலகிலேயே அதிக எண்ணிக்கையில் ஆர்கானிக் விவசாயிகள் இருக்கும் நாடு இது. பெரும்பாலும் சின்னச் சின்ன நிலம். நம்பிக்கைச் செலவு மிக அதிகமாக உறைக்கும் நாடும் இதுவாகத்தான் இருக்கும்.

முதல் நாள் கீரைக்குச் சொன்னதுதான் இங்கேயும் வருகிறது. அளவு சின்னதாக இருப்பதால் விலை, விலை இருப்பதால் அளவு சின்னது.

20 ஏப்ரல்

உழவர் சந்தையில் ஏன் ஆர்கானிக் எடுபடவில்லை என்று கேட்டவருக்கு. 1999-ல் மதுரையில் தொடங்கியது, நமக்கு அஸ்தம்பட்டி, சூரமங்கலம், அம்மாப்பேட்டை, தாதகாப்பட்டி என்று நல்ல கூட்டம் வரும் சந்தைகள் உண்டு. விவசாயி நேரில் விற்கிறார், அடையாள அட்டை இருக்கிறது, வாரா வாரம் அதே முகம். நான் பிப்ரவரியில் சொன்ன மறுநாள் காலை இங்கே முழுக்கக் கிடைக்கும்.

ஆனால் வாசலில் கரும்பலகை. கத்திரிக்காய் இவ்வளவு, வெண்டை இவ்வளவு. மொத்த விலைக்கு மேலே, வெளிச் சில்லறைக்குக் கீழே நிர்ணயித்து எழுதிவிடுகிறார்கள். நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரிய வரம். ஆனால் மருந்தடிக்காத வெண்டைக்கும் அதே வரிதான். சொத்தையைப் பொறுக்கிக் கழித்து, பக்கத்துக் கடைக்காரர் விலைக்கே விற்றுவிட்டு, அடுத்த போகத்தில் அந்த விவசாயியும் பூச்சிமருந்துக் கடைக்குப் போகிறார். தாதகாப்பட்டியில் ஒருவர் தராசுக்குப் பின்னால் தனியாக ஒரு கூடை வைத்திருந்தார். தெரிந்தவர்களுக்கு மட்டும், பலகை விலைக்கு மேல் ஐந்து ரூபாய். விதிப்படி அது தப்பு. பொருளாதாரப்படி அந்தக் கூடைதான் சரியான சந்தை.

18 மே

மாம்பழம். இமாம்பசந்த் வந்துவிட்டது, மல்கோவா வரப்போகிறது, எல்லாருக்கும் கார்பைடு பயம் வந்துவிட்டது.

கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பது தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயு அனுமதி உண்டு, 100 பி.பி.எம். வரை. இதெல்லாம் பழுக்க வைக்கும் கதை. ஆர்கானிக் மாம்பழக் கதை பூவிலேயே தொடங்குகிறது. வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கம் தோப்புக்காரர் பலர் பூப்பிடிக்கும் சமயத்திலேயே, சிலர் அதற்கும் முன்பே, மரத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். தத்துப்பூச்சிக்கு எத்தனை தடவை அடிப்பது, என்ன அடிப்பது என்பது குத்தகைக்காரர் முடிவு. அவருக்கு இந்த வருடக் காய் வேண்டும். பலவருடப் பயிரை ஆர்கானிக்காக மாற்ற மூன்று வருடம் என்று விதி. குத்தகை ஒரு வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ. அந்த மூன்று வருட நஷ்டத்தைத் தாங்குகிறவர் வேறு, நாலாம் வருட விலையை எடுக்கப்போகிறவர் வேறு என்றால் யார் தொடங்குவார்?

என் மாமனாருக்குச் சின்னத் தோப்பு உண்டு. அவரிடம் குத்தகைக்கு விடாமல் நாமே பார்க்கலாமா என்று கேட்டேன். "காவலுக்கு நீ வந்து படுப்பியா?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. வாங்குகிறவர்கள் ஏப்ரல் முதல் வாரத்திலேயே மாம்பழம் தேடுவதை நிறுத்தினால் கல் வைப்பது பாதி நின்றுவிடும். அதற்கு ஆர்கானிக் தேவையில்லை.

19 மே

"அரசாங்கம் உரத்தைத் தடை செய்தால் ஒரே நாளில் எல்லாம் ஆர்கானிக்." இலங்கை 2021 வசந்தத்தில் செய்து பார்த்தது, நவம்பரில் திரும்பப் பெற்றது. நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

20 மே

மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கிறார், நன்றி. அவர் சுட்டிய 2012 ஸ்டான்ஃபோர்ட் தொகுப்பாய்வு சொல்வது இரண்டு: ஆர்கானிக் உணவில் சத்து கூடுதல் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை, எஞ்சிய பூச்சிமருந்து தென்படுவது குறைவு. இரண்டாவதற்கு மட்டும் காசு கொடுக்கலாம் என்பது என் கணக்கு. முதலாவதைச் சொல்லி விற்கிறவர் கடையில் நான் இரண்டாவதையும் நம்ப மாட்டேன்.

8 ஜூன்

விமர்சனம் மட்டும் பண்ணுகிறாய், நீ என்னதான் செய்கிறாய் என்று அஸ்தம்பட்டிக்காரர் மடக்கிவிட்டார்.

அழகாபுரத்தில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் சேர்த்துப் பதினோரு வீடுகள். வாழப்பாடிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு ஆடிப்பட்டத்துக்கு முன்பணம், வீட்டுக்கு 3,000. விதைப்பதற்கு முன்பே கொடுக்கிறோம். காய் வர ஆரம்பித்ததும் சனிக்கிழமை தோறும் ஒரு பை, பத்து வாரம். பொறுக்கி எடுக்கும் பேச்சு கிடையாது, அன்று பறித்தது எதுவோ அது. வயலை எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். நேர் விற்பனை, சின்ன அளவு, சட்டத்திலும் தொல்லை இல்லை.

என் கணிப்பு: கடைக்காரரின் வாடும் கீரை இதில் காணாமல் போகும். விற்குமா விற்காதா என்ற பயம் இல்லாததால் இரண்டு மடங்கு வேண்டாம், கால் பங்கு கூடுதலில் முடியும். 8 ஜனவரி குறிப்பில் உள்ள ஏழு சதவீதத்துக்கும் கடை விலைக்கும் நடுவில் எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்போம்.

14 செப்டம்பர்

கேட்டவர்களுக்காக. விலை கணித்தபடிதான் வந்தது, சந்தை விலையைவிட ஏறக்குறைய கால் பங்கு கூட.

ஆனால் வாடும் கீரை காணாமல் போகவில்லை. கடையிலிருந்து எங்கள் ஃப்ரிட்ஜுக்கு இடம் மாறியிருக்கிறது. மூன்று வாரம் தொடர்ந்து புடலங்காய். கூட்டு, பொரியல், மறுபடி கூட்டு. இரண்டு வீடுகள் சனிக்கிழமை பையை வாங்கி வேலைக்கார அம்மாவிடம் அப்படியே கொடுத்துவிடுகின்றன; அந்த அம்மா வீட்டில்தான் இப்போது இந்தத் தெருவிலேயே அதிக ஆர்கானிக் சாப்பிடுகிறார்கள். ஒரு வீடு, "பணத்துக்கு அவ்வளவு பெரிய பை இல்லை" என்று விலகிவிட்டது. தூக்கிப் போட்ட காயையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நாங்கள் சாப்பிட்ட கிலோவுக்குக் கொடுத்தது கால் பங்கு கூடுதல் இல்லை, பாதிக்குப் பக்கம். கடையைவிடக் குறைவுதான். விவசாயிக்கு முழுப் பணமும் போயிற்று, அதில் எனக்கு வருத்தமில்லை.

வயலைப் போய்ப் பார்த்தது இரண்டே வீடுகள். மற்றவர்களுக்கு, யாராவது போய்ப் பார்க்கிறார்கள் என்பதே போதுமாக இருக்கிறது.

அடுத்த போகத்துக்குப் புடலையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறோம். வீட்டுக்கு 3,500 கேட்கிறார், களையெடுக்க ஆள்கூலி ஏறிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கூடிப் பேசுகிறோம். ஒன்பது வீடுகள் சம்மதம் சொல்லிவிட்டன, மீதி ஒரு வீடு என்னுடையது. மனைவிக்குத் தக்காளியைப் பொறுக்கி எடுத்தாக வேண்டும்.